வாய்க்குள் நின்றுபோன தமிழ்

விசாகப்பட்டினத்தில் இருக்கும் என் பிள்ளைக்கு, தீவில் நம் புரோத்ராபூர் வீட்டிலிருந்து அம்மா எழுதுவது.

போன வாரம் நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "கல்யாணத்தன்னைக்கு நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்மா. மேடையில வந்து உக்காந்தா போதும். யாராச்சும் ஏதாச்சும் கேட்டா நான் பாத்துக்கறேன்" என்றாய். நல்ல மனசோடுதான் சொன்னாய். நானும் சரி என்றேன். ஆனால் போனை வைத்த பிறகு, என்னை மறுபடியும் ஓர் அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனது போல இருந்தது. அந்த அறை எனக்குப் பழக்கமானது. அதற்குள் நான் எப்படி இருந்தேன், எப்படி வெளியே வந்தேன் என்பது உனக்குப் பாதிதான் தெரியும். நடுவிலேயே உனக்கு வேலை கிடைத்து நீ கப்பலேறிவிட்டாய். மீதியைப் போனில் சொல்ல என்னால் முடியாது. போன் என்றால் எனக்கு இன்னும் சொற்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்து வாசலில் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். வலது கை சொன்னபடி கேட்பதில்லை, இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். அஞ்சாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன் நீ, மெதுவாகக் கூட்டிப் படி.

சுனாமி வந்து போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அன்று காலை சாத்தம் ஜெட்டியில் வழக்கம்போல டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். பாம்பூஃப்ளாட் போகிற போட் கிளம்பத் தயாராக நின்றது. ஒரு தெலுங்குப் பெண் இடுப்பில் குழந்தையோடு டிக்கெட் கேட்டாள். கிழித்துக் கொடுக்கப் போனேன், விரல்கள் காகிதத்தைப் பிடிக்கவில்லை. "ஜல்தி தோ, தீதி" என்று அவள் இந்தியில் அவசரப்படுத்தினாள். இரும்மா, கை மரத்துப்போச்சு என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சத்தம்கூட இல்லை. அவள் முகம் மாறியது நினைவிருக்கிறது. அவள் கத்தியதும், யாரோ பின்னாலிருந்து என்னைப் பிடித்ததும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கூரையில் மின்விசிறி சுற்றுவதைத்தான் பார்த்தேன்.

நான் முதலில் பேசியபோது நீதான் பக்கத்தில் இருந்தாய். "பானி" என்றேன். தண்ணீர் கொடுக்கக்கூட மறந்து, "அம்மா பேசிட்டாங்க, அம்மா பேசிட்டாங்க" என்று வராந்தா முழுக்க ஓடினாய். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் என் மேல் குனிந்தபோது அவரைப் பார்த்து "லைன் மே ஆவோ" என்றேனாம். வரிசையில் வாங்க என்று கவுண்டரில் நாள் முழுக்கச் சொன்னது, வாயில் அதுதான் மிச்சம் இருந்திருக்கிறது. நர்ஸுகள் எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா, என்னைத் தெரியுதா? எம் பேரு சொல்லு" என்று தமிழில் கேட்டார். அவர் கேட்டது எழுத்துக்கு எழுத்து எனக்குப் புரிந்தது. பதிலும் உள்ளே தயாராக இருந்தது. வாய் திறந்தால் வந்தது, "ஹாம், மாலூம் ஹை." எனக்குத் தெரியும் என்று அர்த்தம். ஆனால் அதை நான் நினைத்தது தமிழில்.

மூளையில் ரத்தம் அடைத்துப் பேச்சு போனால், இரண்டு பாஷை இருக்கிறவர்களுக்குச் சில சமயம் ஒன்று முன்னால் திரும்பி வரும், மற்றது பின்னால் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் மெயின்லேண்டுக்குத்தான் போக வேண்டும், ஆனால் ரத்த அழுத்தம் இறங்குகிற வரைக்கும் கப்பலிலும் ஏற்றாதீர்கள், விமானத்திலும் ஏற்றாதீர்கள் என்றார். சுற்றிலும் கடல், தலைக்குள்ளும் ஒரு தீவு. நான் அங்கே இருந்தேன், மற்ற எல்லாரும் இக்கரையில் இருந்தார்கள்.

அந்த நாட்களில் எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை உன்னிடம் மறைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு நீ என் கட்டில் ஓரம் உட்கார்ந்து மணிக்கணக்காக இந்தியில் பேசினாய். சின்ன வயசிலிருந்து நீ இந்தியில் ஆரம்பித்தாலே "வீட்டுல தமிழ்ல பேசுடா" என்று நான் வாயை அடைப்பேன். இப்போது அடைக்க என்னிடம் தமிழே இல்லை. நீ கட்டிக்கொள்ளப் போகிற ரீமாவைப் பற்றி அப்போதுதான் முதல்முதலாகச் சொன்னாய். படிப்பில் ஒரு பாடம் போன கதையைச் சொன்னாய். நான் "அச்சா" என்றும், அப்புறம் என்பதற்கு "ஃபிர்?" என்றும் மட்டும் கேட்டேன். அதற்கு மேல் என் இந்தி நீளாது. ஒருநாள் சிரித்துக்கொண்டே, "அம்மா, இந்தியில நீங்க ரொம்ப நல்லவங்க" என்றாய். வேடிக்கையாகத்தான் சொன்னாய். நானும் சிரித்தேன். அது உண்மை என்பதால்தான் பிறகு வலித்தது. திட்டத் தெரியாத, புத்தி சொல்லத் தெரியாத, கதை கேட்க மட்டும் தெரிந்த ஒரு அம்மா உனக்குக் கிடைத்திருந்தாள். அவளுக்குள் நான் மாட்டிக்கொண்டிருந்தேன்.

குட்வில் எஸ்டேட்டிலிருந்து உன் அத்தை என்னைப் பார்க்க வந்த நாளில் நீ வீட்டில் இல்லை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்திருந்தாள். என் எதிரில் உட்கார்ந்துகொண்டு உன் அப்பாவிடம், "பாவம்ணே, புத்தியே பேதலிச்சுப்போச்சு போல. நாளைக்குப் பயலுக்குப் பொண்ணு கேட்டுப் போனா என்னத்தச் சொல்லுவீக?" என்றாள். ஜன்னலைப் பற்றிப் பேசுகிற மாதிரி என்னைப் பற்றிப் பேசினாள். நான் அவள் கையைத் தொட்டு, "மே சப் சுன் ரஹி ஹூம்" என்றேன். எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் என்று. "பாத்தியளா, யாருகிட்ட என்ன பாஷை பேசணும்னுகூடத் தெரியல" என்று அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அன்று முழுக்க நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தேன்.

முதலில் திரும்பி வந்த தமிழ் என்ன என்று உனக்குத் தெரியுமா? ஒரு வசவு. உன் அப்பா கஞ்சி கொண்டுவந்தபோது கை தடுமாறி என் தொடையில் கொட்டிவிட்டார். "நாசமாப் போறவனே!" என்று கத்தினேன். சிலோனில் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டில் என் அம்மா கோழியைத் துரத்தும்போது கத்துகிற அதே குரல். உன் அப்பா கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார். "என்ன சொன்ன? இன்னொரு தடவ சொல்லு. திட்டும்மா, நல்லாத் திட்டு" என்று கெஞ்சினார். எனக்கும் ஆசைதான். எவ்வளவு முக்கியும் வரவில்லை. தொடை எரிய நான் அழ, அவர் சிரிக்க, இருவருக்கும் யார் என்ன செய்கிறோம் என்றே தெரியவில்லை. ஆனால் உள்ளே எங்கேயோ அது இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் கோத்தகிரியிலிருந்து பெரியம்மா போன் பண்ணினார். என் அக்காவை நீ இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாய். சிலோனிலிருந்து கப்பலில் வந்து மண்டபம் கேம்ப்பில் இருந்தபோது, கல்யாணமாகியிருந்த அக்கா அவள் புருஷன் வீட்டாரோடு நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள். அப்பா, அம்மாவோடு சின்னப் பெண்ணான நான் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்தேன். அன்றிலிருந்து எங்களுக்கு நடுவில் கடல்தான். சுனாமி கச்சாலில் உன் தாத்தாவையும் ஆயாவையும் கொண்டுபோன பிறகு, நாங்கள் குழந்தையாக இருந்தபோது பேசிய பேச்சைப் பேச எனக்கு அக்காவைத் தவிர இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை. வாரம் தவறாமல் பேசுவாள். நான் விழுந்ததை அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கும் நெஞ்சு பலவீனம். உன் அப்பாதான் போனை எடுத்து, "தூங்குறா அண்ணி", "கடைக்குப் போயிருக்கா" என்று சமாளித்துக்கொண்டிருந்தார்.

அன்று அக்கா விடவில்லை. ஸ்பீக்கர் தேவையே இல்லாத குரல் அவளுக்கு. "உண்மையச் சொல்லுங்க தம்பி. என் தங்கச்சி இருக்காளா, இல்லியா? அப்பா அம்மா போனப்பவும் இப்புடித்தான் தப்பிச்சு மேட்டுல இருக்காங்க, கப்பல் வரலன்னு நாளக் கடத்துனீங்க" என்றாள். அது உண்மை. அந்தச் சமயத்தில் எங்கள் இருவரையும் காப்பாற்றுவதாக நினைத்து உன் அப்பா செய்ததுதான். இப்போது அவரால் மறைக்க முடியவில்லை. விழுந்துட்டா, பேச்சுத் தடுமாறுது அண்ணி, நீங்களே கேளுங்க என்று சொல்லிப் போனை என் காதில் வைத்தார். அக்கா நான்தான், அழாதே. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. "தீதி, மே ஹூம். ரோனா மத்" என்றேன். நாக்குக் குழறியதில் குரலும் என் குரலாக இல்லை. அக்கா, "யாரு இது? எவளையோ புடிச்சாந்து பேச வைக்கிறீங்களா?" என்று கேட்டாள். அப்புறம் மாரடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். எனக்கான ஒப்பாரி. என் பெயரைச் சொல்லி, நான் பிறந்த லயத்தைச் சொல்லி, நான் அக்கரை போன கப்பலைச் சொல்லி அழுதாள். நான் உயிரோடு உட்கார்ந்து அதைக் கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. நிறுத்தச் சொல்ல ஒரு சொல் இல்லை.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தேன். எனக்கு யாரும் வழி சொல்லவில்லை. தானாக வருவது எது என்று தேடினேன். கிழமைகள் வந்தன, ஆனால் ஞாயிற்றிலிருந்து ஆரம்பித்தால்தான் வரும். புதன் வேண்டுமென்றால் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று படியேறித்தான் புதனைத் தொட முடியும். சமையலறையில் நின்று உப்பு, புளி, மிளகாய் என்று அடுக்கிச் சொன்னால் வரும், புளியை மட்டும் தனியாகக் கேட்டால் வராது. சாமான்களைத் தொட்டுத் தொட்டுப் பேர் சொல்வேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு காலை முழுக்க நின்றிருக்கிறேன். "சம்மச்" என்று உடனே வந்து நிற்கும், அதைத் தள்ளிவிட்டுக் கரண்டிக்காகக் காத்திருப்பேன். நேற்று வந்த சொல் இன்று வராது. பழைய வார இதழ்களை எடுத்துப் பிரித்தால் எழுத்துகள் எல்லாம் தெரிந்த முகங்களாக இருக்கும், பேர்தான் தெரியாது. ஒருகாலத்தில் கப்பலில் புத்தகக் கட்டு வந்து இறங்கினால் அன்றைக்கே படித்து முடிக்கிறவள் நான். மூன்று வயசுக் குழந்தை கற்றுக்கொள்வது வேறு. அதற்குத் தெரியாது, அதனால் வெட்கமில்லை. தெரிந்திருந்ததை மறுபடி கற்கிறவளுக்கு ஒவ்வொரு தப்பிலும், இதில் எப்படி இருந்தவள் நான் என்பது ஞாபகம் வரும். கோபத்தில் ஒரு டம்ளரை ஜன்னலுக்கு வெளியே எறிந்திருக்கிறேன்.

எனக்குப் பெரிய தடை எது தெரியுமா? உன் அப்பாவின் அன்பு. நான் முதல் எழுத்தை எடுப்பதற்குள் அவர் சொல்லை முடித்துவிடுவார். "கா" என்றால் "காபியா? இந்தா" என்பார். நான் காற்றைச் சொல்ல வந்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைக் கேட்டால் அவர் பதில் சொல்வார். நான் கஷ்டப்படுவதை அவரால் பார்க்க முடியவில்லை. பாவம், அதனாலேயே என்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டே போனார். ஒருநாள் அவர் கேஸ் அடுப்பில் சோறு வைத்திருந்தார். பொங்கி வருவதைப் பார்த்தேன். "சோ" என்றேன். "சோப்பா?" என்று அவர் திரும்பினார். எனக்கு எங்கிருந்து அந்த வேகம் வந்ததோ, இடது கையால் அவர் வாயைப் பொத்திவிட்டேன். அவர் கண்கள் பெரிதாயின. நான் கையை எடுக்கவில்லை. "சோறு" என்றேன். நின்றேன். உலை பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. "பொங்குது" என்றேன். நெருப்பு அணைந்து கேஸ் வாடை வந்தது. அவருக்கும் தெரிகிறது, ஆனால் அசையவில்லை. "அடுப்ப நிறுத்துங்க" என்று முடித்தேன். பிறகுதான் அவர் ஓடிப்போய் மூடினார், ஜன்னலைத் திறந்தார். தரையில் உட்கார்ந்து வழிந்த சோற்றைத் துடைத்துக்கொண்டே, "இனிமே நீ முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன்மா" என்றார். அந்த வார்த்தையை இன்றுவரை காப்பாற்றுகிறார். காத்திருப்பது அவருக்கு, தான் வேலை பார்த்த மர அறுவை மில்லில் மரம் சுமப்பதைவிடக் கஷ்டம் என்று அவர் முகத்திலேயே தெரியும்.

நீ விடுமுறைக்கு வந்தபோது நான் இந்தியில் பதில் சொல்லாமல் தமிழுக்காகத் தவிப்பதைப் பார்த்துக் கோபப்பட்டாய். "எதுக்கும்மா இந்தக் கஷ்டம்? இந்தியிலதான் நல்லாப் பேசுறீங்களே. எங்களுக்கு அது போதாதா?" என்றாய். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாய். உன்னிடம் சிரித்துப் பேசிய அம்மாவை நான் கொல்கிறேன் என்று நீ நினைத்திருப்பாய். அப்படி இல்லைடா கண்ணு. இந்தியில் எனக்கு ஒரு ஜெட்டி இருக்கிறது, ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறது, நீ இருக்கிறாய். என் அம்மா அதில் இல்லை. அவள் முகம் மனசில் வந்து வாயசைத்தால், அவள் சொல்வதை என்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. கடல் கொண்டுபோனது போக மீதி இருந்தது அவள் பேச்சு ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டு நான் எங்கே சுகமாக உட்காருவது?

அக்கா அப்புறம் நெடுநாள் போன் பண்ணவில்லை. உன் அப்பா பண்ணினாலும் எடுக்கவில்லை. ஒரு சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். உன் அப்பா போனை என்னிடம் நீட்டினார். "தும்... கைசா ஹை? கானா... காயா?" என்று ஒரு குரல், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி கேட்டது. எப்படி இருக்கே, சாப்பிட்டியா என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவுக்கு இந்தியில் ஓரெழுத்து தெரியாது. பிறகுதான் தெரிந்தது. அவள் தோட்டத்துக்கு ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க ஆட்கள் வந்திருக்கிறார்கள். பக்கத்து நிரையில் பறிக்கிற பெண்ணிடம் நான் போனில் சொன்ன சத்தத்தை அப்படியே சொல்லிக் காட்டியிருக்கிறாள். ரோனா மத் என்றால் அழாதே என்று அந்தப் பெண் சைகையில் காட்டியிருக்கிறாள். "அழாதேன்னு என்னையச் சொல்றதுக்கு வேற எவ இருக்கான்னு அப்பத்தான் உறைச்சுச்சு. ஒனக்கு அந்தப் பேச்சுத்தான் வருதுன்னா நானும் அதையே படிச்சுக்கறேன்னு அவகிட்ட கேட்டுக் கேட்டுப் படிச்சேன் புள்ள" என்று பின்னால் சொன்னாள். பறிக்கும்போது கூடையோடு சொல்லிச் சொல்லிப் பார்ப்பாளாம், மற்ற பெண்கள் சிரிப்பார்களாம்.

அவளுக்காக நான் நாள்கணக்கில் ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். நான் நல்லா இருக்கேன் அக்கா. அது வரவே இல்லை. வந்தது, "மொட்டக்கா." சிலோனில் மாரியம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு அவளுக்கு மொட்டை போட்ட வருஷம் நான் வைத்த பேர். யார் முன்னாலும் சொன்னால் அடிப்பாள் என்பதால், நாங்கள் இருவர் மட்டும் இருக்கும்போதுதான் சொல்வேன். நானே அதை மறந்து எவ்வளவோ காலமாகியிருந்தது. அந்தப் பக்கம் அவள் விக்கியது கேட்டது. "ஏண்டி எருமை, நீதானா? நீதானாடி?" என்றாள். நான் மறுபடியும் மறுபடியும் அதையே சொன்னேன். வேறு சொல் தேவைப்படவில்லை.

இப்போது நீ கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய். புத்தி சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, பழைய அம்மா அந்த அளவுக்குத் திரும்பி வந்துவிட்டாள். ரீமாவின் பேச்சை நீ முடித்து வைக்காதே. அவள் என்ன சொல்ல வருகிறாள் என்று தெரிந்தாலும் விடு. தெரிந்தது போல இருக்கிற இடத்தில்தான் தப்பு நடக்கும். அவளுக்காக யாரிடமும் நீ பதில் சொல்லாதே, நல்லதுக்கென்றாலும் எதையும் மறைக்காதே. உங்கள் குழந்தைகள் எந்தப் பாஷையில் பேசினாலும் நான் வாயை அடைக்க மாட்டேன். ஆனால் கல்யாண மேடையில் நான் பேசாமல் உட்கார மாட்டேன். தடுமாறினால் தடுமாறுகிறேன். பார்க்கிறவர்களுக்குச் சங்கடமாக இருந்தால் அவர்கள் வேறு பக்கம் பார்க்கட்டும்.

இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். முந்தாநாள் ரீமா பாம்பூஃப்ளாட்டிலிருந்து போட் பிடித்துத் தனியாக என்னைப் பார்க்க வந்தாள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவளுடைய வங்காளப் பாஷை தெரியாது. நமக்கு இந்திதான் இருக்கிறதே என்று தைரியமாக வாசலுக்குப் போனேன். உள்ளே வா என்று சொல்ல வாயைத் திறந்தால், இந்தி வரவில்லை. வாம்மா, உக்காரு, சாப்பிடு என்று தமிழ்தான் வரிசையாக வந்தது. தமிழ் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டு, அதுவரை என்னைக் காப்பாற்றிய இந்தியை எழுப்பி அனுப்பியிருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. வந்த வழியெல்லாம் வந்து மறுபடி கதவு சாத்தியிருக்கிறதே என்று அவள் முன்னாலேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தப் பெண் பயப்படவில்லை. அனுமானித்து எதையும் சொல்லவில்லை, உன் அப்பாவைக் கூப்பிடவில்லை. என் எதிரில் உட்கார்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். உன் அப்பா கொண்டுவந்து வைத்த டீ ஆறி ஆடை கட்டியது. அப்புறம் மெதுவாக வந்தது. "பேட்டி" என்றேன். மகளே என்று. "ஜீ, மா" என்றாள், நான் அவளை நெடுநாளாக அப்படித்தான் கூப்பிடுகிற மாதிரி.

கல்யாணத்துக்கு இன்னும் நாளிருக்கிறது, அதற்குள் இந்தியும் திரும்பி வர வேண்டும். நேற்றுக் காலையிலிருந்து உன் அப்பாவிடம் இந்தியில்தான் உப்புக் கேட்கிறேன், இந்தியில்தான் சண்டை போடுகிறேன். அவருக்கு எரிச்சலாக வருகிறது. வரட்டும், வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறார்.

அம்மா